ஆமைக்கு ஒரு வாசல்

ஆமையின் பெயரைக் கிழக்கு வாசலில் ஏற்றியே தீருவேன் என்று நான் சபதம் செய்தபோது வாய் நிறைய பற்பசை நுரை இருந்தது. அதனால் என் மனைவிக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"என்னங்க, பல்லு கில்லு விழுந்துடுச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

துப்பிவிட்டு மறுபடி சபதம் செய்தேன். இரண்டாம் தடவை செய்கிற சபதத்தில் அவ்வளவு வேகம் இருப்பதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்க் கால்பந்து கிளப், மைதானத்தின் கிழக்குப் பக்கம் புதிதாக ஒரு வாசல் கட்டியிருக்கிறது. அதற்குப் பழைய ஆட்டக்காரர் ஒருவரின் பெயரை வைக்கப் போகிறார்கள். யார் பெயர் என்பதை ரசிகர் மன்றமே ஓட்டெடுத்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். மன்றத்தின் செயலாளர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டுவது அவர் தொழில். ஊரையெல்லாம் மேலே ஏற்றுவார். என்னை மட்டும் இறக்குவார்.

மச்சானின் ஆள் மின்னல். முன்வரிசையில் நின்று கோல் போட்டவன். மின்னலிடம் பந்தும் இருந்தது, பந்தாவும் இருந்தது. ஒரு கோல் போட்டால் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மைதானத்தை வலம் வருவான். என் ஆள் ஆமை. பின்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரன். அவன் சட்டையைக் கழற்றியதே இல்லை. கழற்றியிருந்தாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆமை என்பதே, மெதுவாக ஓடுகிறான் என்று ரசிகர்கள் வைத்த பெயர்தான். மெதுவல்லடா, நிதானம் என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் கட்டியது. எதிராளி எங்கே வரப்போகிறான் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். அங்கே போய் நின்றுகொள்வான். அப்புறம் எதற்கு ஓடவேண்டும்?

இந்த வாதத்தில் நான் இழந்தது கொஞ்சமல்ல. பழைய சிநேகிதர்கள் போனார்கள். முடி வெட்டுகிறவர் மின்னலைப் புகழ்ந்தார் என்று பாதித் தலையோடு எழுந்து வந்தேன். மறுபாதியை வெட்ட வேறு கடை தேடி, தொப்பியோடு அலைந்தேன். வீட்டில் ஆமாம், வெளியில் ஆமை. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே என் வாழ்க்கை ஓடியது.

எனக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து அனுப்பியவன். ஆமையின் அருமை மட்டும் எந்தப் பவரிலும் எவன் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஓட்டுக் கணக்குப் பார்த்தேன். மச்சான் இருமினால்கூடக் கை தூக்குகிற கூட்டம் ஒன்று அவரிடம் இருந்தது. எனக்கு ஆதரவாக இருந்தவை என் இரண்டு கைகள். அதிலும் ஒன்றைத்தான் தூக்க விடுவார்கள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய உறுப்பினர் சிபாரிசு செய்தால் யார் வேண்டுமானாலும் மன்றத்தில் சேரலாம். என் மனைவிக்குத் தையல் கடை. பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். கடை நிறையப் பெண்கள்.

"உன் கடைப் பொம்பளைங்க எல்லாரையும் மன்றத்துல சேர்க்கப் போறேன்" என்றேன்.

"எதுக்கு? பந்து கிழிஞ்சா தைக்கவா?"

"ஓட்டுப் போட."

"யாருக்கு?"

"இது ஒரு கேள்வியா? ஆமைக்குத்தான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எங்க அண்ணனை எதிர்த்தா?"

"கொள்கைக்காக."

"சரி."

கல்யாணமான புதிதில்கூட அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

"ஆனா ஒண்ணு. அவங்களை ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, உட்கார வச்சு, டீ போட்டுக் குடுத்து, பொறுமையா விளக்கணும்."

"டீ யாரு போடுறது?"

"கொள்கை யாரோடது?"

அந்த வாரத்தில்தான் ஆமை என் கடைக்கு வந்தான். சத்தியமாக அவனேதான். தலை நரைத்து, தொப்பை போட்டு, சோப்புக் கம்பெனிப் பையோடு வந்து நின்றான். விற்பனைப் பிரதிநிதியாம். நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினேன். முதல் வரியிலுள்ள பெரிய எழுத்தையே பூச்சி என்றான்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"சின்ன வயசுலேருந்தே சார். சொன்னா டீம்ல எடுக்க மாட்டாங்களேன்னு மூச்சு விடல."

"அப்போ பந்து?"

"பந்து எங்க சார் தெரிஞ்சுது? நிழலாட்டம் எவனாவது ஓடி வருவான். குறுக்க போய் நின்னுடுவேன். பாதி நேரம் அது நம்ம ஆளாவே இருக்கும்."

பலகையைத் திருப்பி வைத்தேன். என்றாலும் விடவில்லை. வாசல் விஷயத்தைச் சொன்னேன். நான்தான் அவனுடைய பரம ரசிகன் என்றும் சொன்னேன்.

"அந்தக் கிழக்கு மூலையிலேருந்து தொண்டை கிழியக் கத்துனது நீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "யாரோ திட்டுறாங்கன்னு நினைச்சு மனசு ஒடிஞ்சு போவேன் சார். அந்தக் குரலுக்குப் பயந்துதான் சீக்கிரமே ஆட்டத்தை விட்டேன்." போகிறபோது வாசலில் திரும்பி, "எனக்கு எதுக்கு சார் வாசலெல்லாம்? நல்லா ஆடினவங்க யாரும் இல்லையா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி தட்டைப் பாதியிலேயே தள்ளிவிட்டு எழுந்தேன். "கடைக்கு யாராச்சும் வந்தாங்களா?" என்று மனைவி கேட்டாள். "ஒரு கிட்டப்பார்வை" என்றேன். அதற்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. எத்தனை வருஷமாகக் கட்டிய கோட்டை! ஆமையே வந்து இடித்தாலும் விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வந்தார்கள். டீ போட்டேன். டம்ளர்களை மேஜைமேல் அணிவகுத்து வைத்து ஆட்டத்தை விளக்கினேன். மின்னலாக வைத்திருந்த டம்ளரை, பொத்தானுக்குக் காஜா எடுக்கிற அக்கா எடுத்துக் குடித்துவிட்டார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

"கோல் போட்டவன் பேரு பேப்பர்ல வருது. போட விடாதவன் பேரு எங்க வருது?" என்று முழங்கினேன். பெண்கள் 'அதானே' என்றார்கள். எனக்குக் கண் கலங்கியது. ஒருவர் 'அதானே' சொல்லி நான் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

என் மனைவி மட்டும் குறுக்கே ஒரு கேள்வி கேட்டாள். "ஆடின ஆளுக்கே இவ்வளவு வக்காலத்துன்னா, ஆடவே விடாம ஓரமா உட்கார வச்சாங்களே, அவங்களுக்காக யாரு பேசுவாங்க?"

"அவங்கதான் எல்லாரையும் விடப் பாவம்" என்று தாராளமாகச் சொன்னேன். "ஆனா நம்ம கிளப்ல அப்படி யாரு இருந்தா?"

"யாருமே இல்லையா?"

"எனக்கு ஞாபகம் வரல."

"வராதுதான்" என்று டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் எனக்கு இன்னொரு யோசனை. பெயரை முன்மொழிவது மனைவியாக இருந்தால் என்ன? சொந்தத் தங்கையை மச்சான் எதிர்த்துப் பேச முடியாதே! அவளும் மறுக்கவில்லை. "எனக்குக் கூட்டத்துல பேசி வழக்கமில்லையே, சொல்லிக் குடுங்க" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது, நிறுத்தியபின் யார் முகத்தைப் பார்ப்பது என்று நிலைக்கண்ணாடி முன் நிற்கவைத்துப் பாடம் எடுத்தேன். என்னைவிட நன்றாகப் பேசினாள். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் ஒரு வாரம் பாத்திரமும் கழுவினேன்.

கூட்ட நாள் வந்தது. மன்ற அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போதவில்லை. பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்து மச்சான், "என்ன மாப்பிள்ளை, படை திரட்டிட்டீங்க போல?" என்றார். நான் சிரித்தேன். வெற்றி பெறப்போகிறவன் அப்படித்தான் சிரிப்பான்.

மச்சான் மின்னலைப் பற்றிப் பேசினார். வழக்கமான கைதட்டல். அடுத்து என் மனைவி எழுந்தாள்.

"இந்தக் கிளப்புல ஒருத்தர் இருந்தார்" என்று ஆரம்பித்தாள். குரல் சரியான இடத்தில் இறங்கியது. "அவருக்காகக் கை தட்டினவங்க யாருமில்லை. கிண்டல் பண்ணாதவங்களும் யாருமில்லை."

ஆமை, ஆமை என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"எல்லா ஆட்டத்துக்கும் முதல் ஆளா வருவார். மத்தவங்க பழகறதுக்குப் பந்தை எறிஞ்சு குடுப்பார். அப்புறம் கையுறையை மாட்டிக்கிட்டு ஓரமாப் போய் உட்காருவார். ஆட்டம் முடிஞ்சதும் கழட்டிட்டுப் போவார்."

கையுறையா? ஆமைக்கு ஏது கையுறை?

"மாத்து கோல்கீப்பர். நீங்க எல்லாரும் பெஞ்சுன்னு பேரு வச்சீங்களே, அவரு. அவர் சட்டையில ஒரு நாள்கூட மண் பட்டதில்லை. பட விடலை. அவர் மட்டமான ஆளுன்னு சொல்ல உங்க யாருகிட்டயாவது ஆதாரம் இருக்கா?" நான் சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தினாள். சொல்லிக்கொடுத்தபடியே மன்றத் தலைவர் முகத்தைப் பார்த்தாள். "இந்தக் கிளப்போட சரித்திரத்துலயே ஒரு கோல்கூட விடாத கோல்கீப்பர் அவர் ஒருத்தர்தான்."

முதலில் சிரிப்பு. அப்புறம் பின்வரிசையில் யாரோ ஒரு பெரியவர் எழுந்து நின்று தட்ட ஆரம்பித்தார். காஜா அக்கா விசில் அடித்தார்.

ஓட்டெடுத்தார்கள். மின்னலுக்கு மச்சானின் கூட்டம், அதிலும் சிலர் கட்சி மாறியிருந்தார்கள். பெஞ்சுக்குப் பெண்கள் மொத்தமும், வெட்கப்பட்டுக்கொண்டே பாதி ஆண்களும். ஆமையின் பெயரை நானே முன்மொழிந்து நானே கை தூக்கினேன். இன்னொருவரும் தூக்கினார். நன்றியோடு திரும்பிப் பார்த்தேன். மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

கிழக்கு வாசல் பெஞ்சு வாசல் ஆயிற்று. தோற்ற மச்சான் முகம் வாடாமல் படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அதுதான் எனக்கு எரிந்தது.

"தங்கச்சி உங்க காலையும் வாரிட்டாளே, வெட்கமா இல்லையா மச்சான்?"

"எனக்கென்ன மாப்பிள்ளை வெட்கம்? பாப்பா மனசுல அவன் இன்னும் இருக்கான்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"எவன்?"

"பெஞ்சுதான். உங்களுக்கு முன்னாடி பாப்பாவைப் பொண்ணு பார்த்துட்டுப் போனவன் அவன்தானே? இவளுக்கும் பிடிச்சிருந்துது. எங்கப்பாதான், ஓரமா உட்கார்றவனுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாதுன்னுட்டார். ஏன், இவ்வளவு நாள் உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. யார் சொன்னார்கள் எனக்கு?

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியெல்லாம் பெண்கள் அவளிடம் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார்கள். நான் பின்னால் வந்தேன். கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"இன்னும் அந்த ஆளையே நினைச்சுக்கிட்டு இருக்கியா?"

"யாரை? அவரையா?" என்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவர் மூஞ்சியே மறந்து போச்சு. மீசை இருந்துச்சா இல்லையான்னுகூடச் சொல்ல வரல."

"அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டி இந்தக் கூத்து?"

"ஒருத்தரை ஒரு தடவை ஆட்டத்துல இறக்கிக்கூடப் பார்க்காம வேண்டாம்னுட்டாங்களேன்னு ஒரு ஆதங்கம். அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ உங்கப்பா தப்பான ஆளை இறக்கிட்டாருன்னு ஊர் நடுவுல நின்னு சொல்லிட்டு வந்திருக்கே!"

அவள் விளக்கைப் போட்டாள். செருப்பை ஓரமாகத் தள்ளினாள். என்னை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தாள்.

"இறக்கின ஆளைப் பத்தி நான் இதுவரைக்கும் யார்கிட்டயாவது வாயைத் திறந்திருக்கேனா?"