சுவருக்கு அந்தப் பக்கம் போன பெட்டி

தஞ்சாவூரில் மசால் தோசையைக் கதிர்வீச்சு மீட்டரால் அளந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் மீட்டர் சார்தான். நான் வரவேற்பில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவர் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எங்களுக்கும் பக்கத்து ஸ்கேன் சென்டருக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். நாற்காலி, டீ டம்ளர், பிரியாணிப் பொட்டலம் எல்லாம் அதன் மேலேதான் போய்வரும். ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றுகிற கதிரியக்க மருந்து மட்டும் போகாது. என்றைக்காவது எங்கள் மெஷின் நின்றுபோனால் மருந்தை அங்கே அனுப்ப வழி வேண்டும் என்று ஒரு ஆடி மாதம் முழுக்க மீட்டர் சார் அந்த சென்டருக்கு நடையாய் நடந்தார். அவர்களுடைய லைசென்ஸ் நகல், மருந்தை வாங்கிக்கொள்ளச் சம்மதக் கடிதம், மும்பையிலுள்ள கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி என்று ஒரு ஃபைலே சேர்த்துவிட்டார். "பக்கத்து வீட்டுக்குப் போக பாஸ்போர்ட் எடுக்கிறாரு" என்று நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை எங்கள் ஸ்கேன் மெஷின் படுத்துவிட்டது. வரவேற்பில் வலங்கைமான் ஜமால் பாய் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் துபாய் ஃப்ளைட். ஏறலாமா கூடாதா என்று டாக்டர் அன்றே சொல்லியாக வேண்டும். மருந்து எங்களிடம், ஓடுகிற மெஷின் அவர்களிடம். ஆறு மணி நேரத்தில் மருந்தின் வீரியம் பாதியாகிவிடும்.

"சுவத்து மேல நீட்டிடலாம் சார், ரெண்டு செகண்ட் வேலை" என்றேன்.

"இது என்ன சாம்பார் வாளியா? இருங்க."

ஃபைல் வந்தது. மருந்து இருந்த ஈயப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி மீட்டரால் அளந்தார், எழுதினார், லேபிள் ஒட்டினார். ஆஸ்பத்திரி வண்டியில் அதை இறுக்கிக் கட்டினார்.

டிரைவருக்குத் தாங்கவில்லை. "சார், அந்தா தெரியுது அவங்க வாசல்!"

"ரோட்டுல போகுதுல்ல? எடுங்க. மெதுவா."

இருபது நிமிடத்தில் அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். ஜமால் பாயையும் அங்கே அனுப்பினோம். அன்றைக்குத்தான் அனுமதி கேட்டிருந்தால், அது வருவதற்குள் ஜமால் பாய் விமானம் ஏறியிருப்பார். ஸ்கேனில் பெரிய அடைப்பு தெரிந்தது. அவர் ஏறவில்லை. பிழைத்தார். சிரித்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உடம்பு தேறியதும் பேரீச்சம்பழத்தோடு வந்தார் ஜமால் பாய். மீட்டரைக் கையில் எடுத்த சார், என்ன நினைத்தாரோ, கீழே வைத்துவிட்டார். பாதிப் பழத்தைப் பொட்டலம் கட்டி, சுவர் மேலே அந்தப் பக்கம் நீட்டினார்.

"வாங்கிக்கங்க. இதுக்குக் கையெழுத்து வேணாம்."

போன வருஷம் அவர் ஓய்வு பெற்றார். அளந்து பார்க்க ஆளில்லாத கேன்டீன் தோசை, இப்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.