சிக்காத துவக்கும் ரிவியூ அண்ணையும்

துவக்கு, அதாவது துப்பாக்கி, ஒன்றைக் கையால் தொடாமலே துவக்குகளைப் பற்றி இவ்வளவு வாசித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மில்லிக்கனில், புலம்பெயர்ந்து வந்த நாங்கள் வேலை செய்யும் சஞ்சிகைக் கிடங்கில், எனக்கு எதிர் மேசையில் இருந்து சஞ்சிகைகளின் அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். பெயர் ஏதோ இருந்தது, நாங்கள் ஒருவரும் பாவித்ததில்லை. எல்லோருக்கும் அவர் ரிவியூ அண்ணை.

எங்கள் வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கடைகளில் விற்காமல் திரும்பி வரும் சஞ்சிகைகளின் முன்னட்டையைக் கிழித்துப் பெட்டியில் போடவேண்டும். விற்கவில்லை என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி. மிச்சம் காகிதக் கூழாக்கப் போகும். சமையல், நாய் வளர்ப்பு, கல்யாண உடுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே கதி. துவக்குச் சஞ்சிகை வந்தால் மட்டும் அண்ணையின் கை நின்றுவிடும்.

அதிலும் எல்லாத் துவக்கும் அவருக்கு வேண்டாம். பழைய இராணுவத் துவக்கு ஒன்று உண்டு. உலகத்தில் சண்டை நடந்த இடமெல்லாம் போனது, எங்கள் ஊருக்கும் வந்தது. அதே வடிவத்தில், ஒரு இழுப்புக்கு ஒரு வெடி மட்டும் வெடிக்கிற மாதிரி, அமெரிக்காவில் செய்து பொதுசனத்துக்கு விற்கிறார்கள். புது மொடல் வந்ததும் சஞ்சிகைக்காரர் சுட்டுப் பார்த்து விமர்சனம் எழுதுவார்கள், அதுதான் ரிவியூ. விலை, எடை, குறி ஒன்றையும் அண்ணை பார்க்கமாட்டார். வெடி உள்ளே சிக்கித் துவக்கு நின்றுவிடுமா என்ற பந்திக்கு நேரே போவார். மண்ணில் புதைத்தோம், சேற்றில் தோய்த்தோம், ஒரு தரமும் சிக்கவில்லை என்று எழுதியிருக்கும். அண்ணையின் முகம் கறுத்துப்போகும்.

"உவனும் சிக்கேல்லை எண்டுதான் எழுதியிருக்கிறான்."

"அது நல்லதுதானே அண்ணை?"

"உமக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு அன்று மத்தியானம் வரை ஒருவரோடும் கதைக்கமாட்டார்.

சிக்கியது என்று எழுதுகிற ஒரே ஒரு ஆளைத் தேடுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. துவக்குக் கொம்பனியோடு ஏதும் கோபமாக்கும் என்று விட்டுவிட்டோம்.

அவருடைய ஆங்கிலம் முழுவதும் இந்தப் பக்கங்களில் பொறுக்கியதுதான். மகளுக்குப் பிக்கரிங்கில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த திங்கட்கிழமை, பெடியன் எப்படி என்று கேட்டோம்.

"ஃபினிஷிங் நல்லம். ட்ரிகர் கொஞ்சம் இறுக்கம். ஆனா ரிலையபிள்."

வாய் திறக்க நேரம் எடுக்கிற பெடியன் என்று விளங்கிக்கொண்டோம். வீட்டிலிருந்து கொண்டுவரும் மீன்குழம்புக்கும் தீர்ப்பு உண்டு. "சாப்பிடேக்க ஸ்மூத். ரீகொயில் பின்னேரம்தான் தெரியும்" என்பார், சுட்டபின் துவக்கு திருப்பி உதைப்பதைப் போல. அது உண்மைதான், நானும் ஒரு நாள் சாப்பிட்டேன்.

அட்டை கிழித்த சஞ்சிகையை ஒருவரும் எடுத்துவைக்கக் கூடாது, எடுத்தால் வேலை போகும். ஒரு நாள் லொக்கர்களைச் சோதித்தார்கள். அண்ணையின் லொக்கருக்குள் நாற்பதுக்கு மேல் துவக்குச் சஞ்சிகைகள், அட்டையில்லாமல். ஒவ்வொன்றிலும் ஒரு பந்திக்குச் சிவப்பு வட்டம், பக்கத்தில் தமிழில் ஒரே சொல். மனேஜர் அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. அண்ணையைக் கூப்பிட்டார், மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார்.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றிலும் 'சிக்கேல்லை' என்றுதான் எழுதியிருக்கிறது என்றேன். "ஏன், சிக்கவேண்டும் என்று விரும்புகிறாரா?" என்றார்.

"அண்ணை, துவக்கு சிக்கவேணும் எண்டு விரும்புறீங்களோ எண்டு கேக்கிறா."

"ஓம்" என்றார் அண்ணை.

பொலிசுக்குப் போன் அடிக்கப் போகிறார், இந்த மனிதரின் வேலை போய்விட்டது என்று நான் முடிவுகட்டினேன். அண்ணை கதிரையை முன்னால் இழுத்தார்.

"தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும். மன்னாரில என்னை ஒருத்தன் பத்தைக் காட்டுக்குள்ள கொண்டு போனவன், சுடுறதுக்கு. எந்தப் பக்கத்துக்காரன் எண்டு கேக்கவேண்டாம். உந்தத் துவக்குத்தான். நெஞ்சுக்கு நேர பிடிச்சான். வெடிக்கேல்லை. ஏசிக்கொண்டு குனிஞ்சு அதை நோண்டினான். நான் ஓடிட்டன். பின்னால ஒரு வெடிச் சத்தமும் இல்லை."

நான் மொழிபெயர்த்தேன். என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுமாறியது.

"துவக்கைச் சிக்க வைச்சது அந்தோனியார் எண்டு நம்பினன். முப்பது வருசமா ஞாயிறு தவறாமல் அவருக்கு மெழுகுதிரி. சுட வந்தவனைத் திட்டாத நாள் இல்லை. இஞ்ச வந்து பாத்தால், உந்தத் துவக்கு சிக்கவே சிக்காதாம். ஒருத்தன், ஒரே ஒருத்தன் சிக்கினது எண்டு எழுதினால் என்ர மனம் ஆறும். எழுதுறாங்கள் இல்லையே. சிக்கேல்லை எண்டால், அவன் வேணுமெண்டு விட்டிருக்கிறான். எனக்கு உயிரைத் தந்தவனை நான் முப்பது வருசம் நாய் பேய் எண்டு திட்டியிருக்கிறன்."

மனேஜர் அம்மா மேசையில் திறந்து கிடந்த சஞ்சிகையை மூடினார். பிறகு, எந்த யந்திரமும் ஒரு தரமாவது சிக்கும் என்று மெதுவாகச் சொன்னார். அண்ணைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அந்த ஆங்கிலம் அவருக்கு நன்றாகத் தெரியும். இல்லை என்று தலையை ஆட்டினார். வேலை போகவில்லை, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. சஞ்சிகைகளை அண்ணையே வண்டிலில் ஏற்றி, கூழுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் நான்தான் அவரைக் காரில் வீட்டுக்கு ஏற்றிப் போனேன். சிக்னலில் நின்றபோது கேட்டார்.

"தம்பி, அவன் இப்ப உயிரோட இருப்பானோ?"

"இருப்பான் அண்ணை."

"பிள்ளை குட்டி?"

"ரெண்டு" என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் இவ்வளவு உறுதியாக நான் வாழ்க்கையில் பேசியதில்லை.

அண்ணை சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "இந்த ஞாயிறு அவனுக்கு ஒரு திரி கொளுத்தப் போறன். அந்தோனியார் கோவிப்பாரோ?"

"கோவிக்கமாட்டார் அண்ணை. அவருக்கு உண்மை முதலே தெரியும்."

பச்சை விழுந்தது. துவக்கு சிக்கியதோ, அவன் சிக்கியதாக நடித்தானோ, எனக்குத் தெரியாது. அந்தப் பத்தைக்குள்ளிருந்து இந்த மனிதர் ஓடி வந்து என் பக்கத்துச் சீற்றில் இருந்தாரே, அது போதும் எனக்கு.