துருக்கியாரும் தொப்பியில்லாத படமும்

உலக அரசியலைத் துருக்கியாரைப் போல அலசியவர் மலாக்காவில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சூயஸ் கால்வாயில் சண்டை வந்தாலும் சரி, நம்மூர்ச் சந்தையில் மீன் விலை ஏறினாலும் சரி, காரணம் துருக்கியில்தான் இருக்கும். கருப்புக் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பியோடு காலை ஏழு மணிக்குக் காஜா பெராங் தெருச் சீனர் காப்பிக்கடையில் முதல் மேசையில் உட்காருவார். முன்னால் இருக்கும் காப்பி ஆறி அவலாகிப் போகும், பேச்சு மட்டும் ஆறாது.

"நம்ம மெர்டேக்கா, அதான் சுதந்தர சமாச்சாரம் லண்டன்லயா முடிவாகுதுன்னு நெனைக்கிறீங்க? அங்காராவுல ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் லா வெள்ளைக்காரன் முடிவு பண்ணுவான்" என்பார்.

இத்தனைக்கும் ஆதாரம் ஒன்றுதான். வாலிபத்தில் கப்பல் சமையற்கட்டில் வேலை பார்த்தபோது, அந்தக் கப்பல் மூன்று நாள் இஸ்தான்புல்லில் நின்றது. மூன்று நாளில் அவர் பார்த்து முடித்ததை என்னால் முப்பது வருஷத்திலும் பார்க்க முடியாது.

அவரை எப்படி அழைப்பது என்பதில் தெருவே இரண்டுபட்டுக் கிடந்தது. எங்களுக்குத் துருக்கியார். மலாக்காச் செட்டிகள் தலைமுறையாக வாழும் செட்டி கம்போங் குடியிருப்பில் ஊறுகாய் போட்டு விற்ற அச்சார் பிள்ளைக்கு 'பாக் துருக்கி', அதாவது துருக்கி ஐயா. பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் உண்டு, மாரியம்மன் உண்டு, தமிழ் பேசினால் புரியும், பேச்சு மட்டும் மலாய். தொப்பியைப் பார்த்துத் துருக்கியாரை நோன்புப் பெருநாளுக்கு அழைத்தவர்கள் உண்டு. அவர் நெற்றித் திருநீற்றைப் பார்த்துத் தீபாவளிக்கு அழைத்தவர்களும் உண்டு. மனுஷர் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டார். அசல் பெயரைக் கேட்டால், "அது எதுக்கு தம்பி, நீ பத்திரிகையப் படி" என்று விடுவார்.

காப்பிக்கடைக்கு அடுத்ததுதான் என் புகைப்படக் கடை. ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கடையை மூடிவிட்டு இந்தியாவுக்கே கப்பல் ஏறிவிடலாம் என்று பெட்டி கட்டிய நாளில் துருக்கியார் உள்ளே வந்தார்.

"இந்த நாடு எந்திரிக்கிற நேரத்துல நீ கெளம்புறியா? சுதந்தரம் வந்தா குடியுரிமைக்கு ஊரே எழுதிக் குடுக்கும். அத்தன பேருக்கும் படம் வேணும் லா. பேசாம ஒக்காரு."

அவர் சொன்னவற்றில் பலித்தது அது ஒன்றுதான். மெர்டேக்கா வந்தது, என் கடை வாசலில் வரிசை நின்றது. அதன் பிறகுதான் எனக்குப் பெண் கொடுக்கவே ஆள் வந்தது.

கடைசியாக அவரும் படத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றச் சொன்னேன்.

"கழட்டிட்டா நான்தான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தொப்பியோடு எடுத்தேன். அவருடைய பிறப்புச் சீட்டு ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துவிட்டதால், சாட்சி சொல்ல நானும் அச்சார் பிள்ளையும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம்.

கிளார்க் யாழ்ப்பாணத்தவர். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். இவர் எந்த நாட்டவர் என்று மலாயில் கேட்டார்.

சிபாரிசு பலமாக இருக்கட்டும் என்று பிள்ளை முந்திக்கொண்டார். "டியா துருக்கி, துவான். செமுவா ஓராங் தாவு." துருக்கிதான், எல்லாருக்கும் தெரியுமாம். நானும் என் பங்குக்கு, "துருக்கியில இவருக்குத் தெரியாதது எதுவும் இல்லீங்க" என்றேன்.

கிளார்க் பேனாவை மூடினார். "அப்ப இவர் வெளிநாட்டு ஆள். அந்த நாட்டுப் பாஸ்போட்டோட வரட்டும்."

துருக்கியார் முகம் செத்துப்போயிற்று. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, நான் இதே மலாக்காவுல, செங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பொறந்தவன். துருக்கிக் கரையில காலு வச்சதே இல்ல. மூணு நாளும் கப்பல்ல வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தேன். இந்தத் தொப்பி கூட கப்பல்ல ஒரு எகிப்துக்காரன் குடுத்தது."

கிளார்க் சிரிக்கவில்லை. "உந்தத் தொப்பியை அங்க ஒருத்தரும் போடேலாது ஐயா. சட்டம் போட்டு நிப்பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல. துருக்கி ஆள் எண்டால் உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும். தொப்பியில்லாத படம் ஒண்டு கொண்டு வாங்கோ."

குடியுரிமை பிழைத்தது. மானம் போயிற்று.

கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். வழுக்கையை மறைக்கத்தான் போடுகிறார் என்று தெருவே நம்பியிருந்தது. உள்ளே காடு மாதிரி முடி. படம் எடுத்து முடித்ததும் கேட்டார்: "இனிமே காப்பிக்கடைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன் தம்பி?"

அச்சார் பிள்ளை வாயில் ஒரு சேதி ஊறுகாய் ஊறும் நேரம்கூடத் தங்காது.

மறுநாள் வெறுந்தலையோடு வந்து அடுப்பு ஓரத்துக் கடைசி மேசையில் உட்கார்ந்தார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கடைக்காரரே புது ஆள் என்று நினைத்து என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அப்போது பிள்ளை நுழைந்தார்.

பிள்ளை நேராகக் கடைசி மேசைக்குப் போனார். பத்திரிகையை விரித்து அவர் முன்னால் வைத்தார். "பாக் துருக்கி, ஹாரி இனி துருக்கி ஆப்பா மாச்சாம்?" இன்றைக்குத் துருக்கி எப்படி என்று கேட்டார். பிறகு கடை முழுவதும் கேட்கும்படி மலாயில் அறிவித்தார்: அந்த நாட்டில் தொப்பிக்குத் தடையாம், அதனால்தான் பாக் துருக்கி கழற்றிவிட்டாராம்.

துருக்கியார் பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதத்தான் நான் அப்பவே சொன்னேன்..." என்று ஆரம்பித்தார். கடைக்காரர் அவருடைய காப்பியை எடுத்துக்கொண்டு போய் முதல் மேசையில் வைத்தார்.

தொப்பியில்லாத படம் அரசாங்கத்துக்குப் போயிற்று. தொப்பி வைத்த படம் என் கடைக் கண்ணாடியில் மாட்டப்பட்டது. அதன் அடியில் என்ன பெயர் எழுதுவது என்று தெருவில் நெடுநாள் தகராறு. உண்மைப் பெயரை நான் குடியுரிமை விண்ணப்பப் பாரத்தில் பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவர் கையால் மறைத்துக்கொண்டு எழுதிய பெயர் அது. அதை அரசாங்கமே வைத்துக்கொள்ளட்டும். எனக்குப் படியளந்தவர் துருக்கியார்.