டெஸ்கி கடையில் க்யூ

ஏணியில் நின்றபடி ஆங்கில எழுத்துப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார் ஆர்வில் டெஸ்கி. வந்தது ஒரு க்யூ. மறுபடி துழாவினார். இன்னொரு க்யூ.

“என்ன, கெடச்சுதா?” என்று கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மாரீன் கேட்டாள்.

“எஸ் இல்ல. ஏ இல்ல. பெட்டி மொத்தத்துக்கும் ஒரு ஈ கூட இல்ல.”

“கடைக்குள்ளயும் அப்படித்தான்,” என்றாள் மாரீன்.

அது உண்மைதான். கார்விக் மில்ஸின் ஒரே ஹார்ட்வேர் கடையாக டெஸ்கி கடை இருந்த காலம் போன வசந்தத்தோடு முடிந்துவிட்டது. ஹைவேயில் ஒரு பெரிய கடை திறந்திருந்தார்கள். அங்கே கார் நிறுத்தும் இடமே ஏரி அளவு இருக்கும். அதன் மேனேஜர் க்ரோல் இரண்டு தடவை டெஸ்கி கடைக்கு வந்து, கட்டடத்தை விற்கிற எண்ணம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் ஆர்விலைத் தூங்கவிடாமல் செய்தது.

அதனால்தான் இந்தப் பலகை. மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையின் சாமான்களை ஏலம் விட்டபோது, எழுத்து மாட்டுகிற பெரிய பலகையையும் பிளாஸ்டிக் எழுத்துப் பெட்டியையும் சல்லிசாக வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். பெயிண்ட் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போடுவதாகத் திட்டம். எஸ், ஏ, ஈ மாதிரி நல்ல எழுத்துகளையெல்லாம் கொட்டகைக்காரர்கள் உடைத்துத் தீர்த்திருந்தார்கள். மற்றதெல்லாம் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்க, யாரும் தொடாத க்யூ மட்டும் பளபளவென்று கை நிறைய இருந்தது.

“காசு குடுத்து வாங்கின பலகை. ஏதாவது போடு ஆர்வில்,” என்று சொல்லிவிட்டு மாரீன் உள்ளே போய்விட்டாள்.

ஆர்வில் கல்லாவுக்குக் கீழே இருந்த அகராதியை எடுத்து, க்யூ வருகிற பக்கத்தைப் பிரித்தார். விசித்திரமான வார்த்தை என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். ‘க்விட்னங்க்’ என்று ஒன்று கண்ணில் பட்டது. எஸ், ஏ, ஈ எதுவும் தேவையில்லை. கொண்டுபோய் மாட்டினார். அர்த்தம் எழுத எழுத்து போதாது. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் உள்ளே வந்து கேட்கட்டும், வந்த கையோடு நாலு ஸ்க்ரூ வாங்கட்டும் என்று நினைத்தார்.

முதலில் வந்தது போஸ்ட் ஆபீஸ் வெர்னா கில்பிரைட்.

ஆர்வில் ஆசையாக விளக்கினார். லத்தீனில் ‘இப்ப என்ன?’ என்று கேட்பது அது. ‘என்ன சேதி, என்ன சேதி’ என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டே அலைகிற ஆளுக்கு ஆங்கிலத்தில் அதையே பேராக்கிவிட்டார்கள். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது வெர்னாவின் முகம் மாறியிருந்தது.

“யாரைச் சொல்ற?”

“யாரையும் இல்ல.”

“யாரையும் இல்லேன்னா என்னைத்தான்.”

ஆர்வில் பதறிவிட்டார். அந்தப் பதற்றத்தில், போஸ்ட் ஆபீசில் இருக்கிறவளைத் தேடி ஊர்ச் சேதி தானாகவே வரும், அவளாகத் துருவிக் கேட்கிறாள் என்று யாரும் சொல்லமுடியாது என்று சமாதானம் சொன்னார். வெர்னா கண்ணாடி வழியாக எதிரே இருந்த சலூனைப் பார்த்தாள்.

“துருவிக் கேக்கறது யாரு? நாற்காலில உக்காரவெச்சு, துணியப் போத்தி, கத்திரியக் கையில எடுத்துக்கிட்டுக் கேக்கறவனா?”

“நான் அப்படிச் சொல்லலியே.”

“நீ சொல்லவே வேண்டாம்,” என்று வெர்னா திருப்தியாகக் கிளம்பிப் போனாள்.

மதியத்துக்குள் சேதி காதில் விழுந்து லார்ன் ஹாட்ச் வந்துவிட்டார். எதிர்வரிசையில் சலூன் வைத்திருப்பவர், ஆர்விலுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் இருவரும் செஸ் ஆடுவார்கள். லார்ன் தன்னிடம் இருந்த செஸ் பலகையைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தார்.

“உன் தலைல முடி இருந்த காலத்துலேருந்து நான் உனக்கு முடி வெட்றேன்,” என்றார். “இனிமே சனிக்கிழமை நீயே உன்னோட ஆடிக்கோ.”

ஆர்வில் சொன்ன எதுவும் எடுபடவில்லை. அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, யாருக்கும் வலிக்காத வார்த்தையாகத் தேடினார். ‘க்வாக்’ என்பது வாத்து கத்துவது என்று முதலில் சந்தோஷப்பட்டார். போலி டாக்டருக்கும் அதேதான் வார்த்தை என்பது பிறகு ஞாபகம் வந்தது. களிம்பு விற்றுத் திரிந்தவனுக்கு டச்சுக்காரர்கள் வைத்த பேரின் வால் அறுந்து வந்தது அது. நல்லவேளை, பெட்டியில் ஏ இல்லை. இல்லாவிட்டால் ஊர் டாக்டரும் சண்டைக்கு வந்திருப்பார்.

கடைசியில் ‘க்வின்கங்க்ஸ்’ அகப்பட்டது. பகடைக்காயில் ஐந்து புள்ளி இருக்குமே, நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று, அந்த அமைப்புக்குப் பேர். ரோமாபுரியில் ஐந்து புள்ளி போட்ட ஒரு காசு இருந்தது, அதிலிருந்து வந்தது. வெறும் புள்ளியைப் பார்த்து யாருக்குக் கோபம் வரும்?

செவ்வாய்க்கிழமை பாதிரியார் ஓக்ளி வந்தார். அர்த்தம் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு டப்பா ஆணி வாங்கினார். இன்னொரு டப்பா வாங்கினார். கடையில் வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டார்.

“ஆர்வில், சர்ச் கூரைக் கமிட்டியைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?”

வியாழக்கிழமைதோறும் வாலி என்பவருடைய காரேஜில் ஐந்து பேர் கூடிக் கூரையைப் பற்றி ஆலோசிக்கிறார்கள் என்று எல்லாரையும் போல ஆர்விலுக்கும் தெரியும். இத்தனை வருஷ ஆலோசனைக்குப் பிறகும் கூரை ஏன் ஒழுகுகிறது என்று அவர் யோசித்ததில்லை. அதைத்தான் சொன்னார்.

பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். “நாலு மூலைல நாலு பேரு, நடுவுல நானு. பகடை ஆட்டம். கையில காசு வெச்சுத்தான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்க மேடையில் ஏறி, கண் கலங்க எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மற்ற நாலு பேரும் அவரவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். திங்கட்கிழமை காலையில் நாலு பேரும் கூரைமேல் இருந்தார்கள். நாலு மனைவிகளும் கீழே நின்றார்கள். தகடு, தார், ஆணி எல்லாம் டெஸ்கி கடையிலிருந்துதான் போயிற்று.

டெஸ்கிக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் முடிவுகட்டியது அப்போதுதான்.

அதன்பிறகு கடை திறக்கும் முன்பே வாசலில் வரிசை நின்றது. ஒவ்வொருவராக வந்தார்கள், எதையாவது வாங்கினார்கள், குரலைத் தாழ்த்தினார்கள். சந்தைச் சமையல் போட்டியில் முதல் பரிசு வாங்கிய தன் ஆப்பிள் பைப் பலகாரம் டொராண்டோவில் ஒரு பேக்கரியில் வாங்கியது என்று ஒரு அம்மாள் சொல்லிவிட்டு மூன்று கேலன் பெயிண்ட் எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டு நாய்க்குத் தினமும் பேக்கன் கறி போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை ஒருவர் ஒப்புக்கொண்டார். பனி அள்ளுகிற வண்டி முதலில் தன் தெருவுக்குத்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டதை மேயரே வந்து சொன்னார். சொல்லிவிட்டு, தேவையே இல்லாமல் ஒரு ஏணி வாங்கினார். ‘அடுத்த வாரப் பலகையில் நான் வேண்டாமே’ என்பதுதான் எல்லாரும் கடைசியில் கேட்டது. எனக்கு எதுவுமே தெரியாது என்று ஆர்வில் ஒவ்வொருவரிடமும் சொன்னார். நல்ல மனுஷன், வெளியே விடமாட்டார் என்று அவர்கள் கண் சிமிட்டிவிட்டுப் போனார்கள்.

மாரீன் பாட்டுப் பாடிக்கொண்டே பில் போட்டாள்.

ஆர்விலுக்கோ ஒன்றும் ருசிக்கவில்லை. காபிக்கடைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. தேவாலயத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சு காலியாகவே இருந்தது. வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தபோது, வரிசையைக் குறிக்கிற க்யூ என்ற வார்த்தையும் க்யூ எழுத்தில்தானே ஆரம்பிக்கிறது, பிரெஞ்சில் இதற்கு வால் என்றல்லவா அர்த்தம் என்று அவருக்குத் தோன்றியது. உடனே எதிர்வரிசைக்கு ஓடி லார்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சலூன் கண்ணாடிக்கு உள்ளே லார்ன் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

இன்னும் ஒரே ஒரு தடவை முயன்று பார்த்தார். அன்பான வார்த்தையாக ஒன்று போட்டால் ஊர் மனசு இளகிவிடும் என்று நினைத்து, ‘க்வாப்’ என்று, ஏ இல்லாமல் ஓ போட்டு, மாட்டினார். நெஞ்சு படக் படக்கென்று அடித்துக்கொள்வதற்கு அந்தக் காலத்து வார்த்தை. அடிக்கிற சத்தத்தையே பேராக வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை யூனிஸ் ஃபாரும் மாட்டு டாக்டர் பெவனும் கைகோத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

“நீங்க அடுத்த வாரம் பேரையும் போடறதுக்கு முன்னாடி நாங்களே சொல்லிடறோம்,” என்றாள் யூனிஸ். “கல்யாணம் பண்ணிக்கப்போறோம்.”

வரிசை கைதட்டியது. ஆர்விலும் கைதட்டினார், யூனிஸைக் கட்டிக்கொண்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் தன் கதை முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. நெஞ்சுக்குள் இருப்பதைக்கூட டெஸ்கி கண்டுபிடித்துவிடுவார் என்று அன்று சாயங்காலமே ஊர் பேசியது. மறுநாள் வரிசை பேங்க் மூலை வரைக்கும் நீண்டது.

சனிக்கிழமை காலையில் அவர் ஏணியை எடுத்தார். எழுத்தையெல்லாம் கழற்றினார். க்யூ ஒன்றுகூட விடாமல் பெட்டியோடு கொண்டுபோய் ஊர்க் குப்பை மேட்டில் கொட்டினார். பலகையைத் துடைத்து வெறுமையாக விட்டார். பிறகு தெருவைக் கடந்து சலூனுக்குள் போய், கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வெட்ட என்ன இருக்கு?” என்றார் லார்ன்.

“ஒண்ணும் இல்ல. நான் சொல்றத மட்டும் கேளு. எனக்கு யாரைப் பத்தியும் எதுவும் தெரியாது. பெயிண்ட் தள்ளுபடின்னு எழுதணும்னு நெனச்சேன். பெட்டில எஸ் இல்ல, ஏ இல்ல, ஈ இல்ல. க்யூதான் நெறைய இருந்துச்சு. அவ்வளவுதான் லார்ன்.”

லார்ன் கத்திரியைக் கீழே வைத்தார்.

“ஈ இல்லாததுக்கா ஓக்ளி மேடை மேல நின்னு அழுதாரு?”

“ஆமா.”

“எஸ் இல்லாததுக்கா மேயர் ஏணி வாங்கினாரு?”

“ஆமா.”

லார்னின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆர்விலும் சேர்ந்துகொண்டார். எதற்குச் சிரிக்கிறோம் என்பதே மறந்து, வயிறு வலிக்க இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் லார்ன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊரில் மற்ற எல்லாரும் ஓடிப்போய் எதையாவது ஒப்புக்கொண்டபோது தனக்கு ஒப்புக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் போனதுதான் பெரிய அவமானமாக இருந்தது என்று சொன்னார்.

சாயங்காலம் டெஸ்கி கடையில் கல்லாமேல் செஸ் பலகை விரிந்தது. மாரீன் பட்டர் டார்ட்டும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். அன்று பகல் முழுக்க ஒரு ஆள் வரவில்லை. எழுதாத பலகையைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு எல்லாரும் வேகமாக நடந்தார்கள். ஒன்றுமே போடவில்லை என்றால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று வெர்னா சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பழையபடி கடை ஈயோட்டப்போகிறது என்று ஆர்விலுக்குத் தெரிந்தது. ஆனாலும் லார்னின் ராணி அவர் கையில் மாட்டியிருந்தது. அந்த நேரத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

கதவு மணி அடித்தது. உள்ளே வந்தவர் ஹைவே கடை மேனேஜர் க்ரோல்.

மூன்றாவது தடவை. ஆர்வில் மெதுவாக எழுந்தார். இந்த முறை விலை சொன்னால் ஒத்துக்கொள்ளலாமா என்று மாரீனைப் பார்த்தார். மாரீன் காபிக் குவளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். லார்ன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, சிநேகிதருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

க்ரோல் கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஆணி டப்பாவை எடுத்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். கண்ணாடி வழியாக வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அங்கிருந்த பெயிண்ட் டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

“நேத்துதான் தலைமை ஆபீசுலேருந்து எனக்கே போன் வந்துச்சு, என் பொண்டாட்டிகிட்டகூட நான் இன்னும் சொல்லல,” என்றார் க்ரோல். “நாங்க ஹைவே கடையக் காலி பண்றோம்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது, பலகையக் காலியா வெச்சு ஊருக்கே காட்டிட்டீங்களே?”