உள்நாக்குக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து

தாராவி, பம்பாய்
18-10-1964

மரியாதைக்குரிய மன்சூர் அலி காக்கா அவர்களுக்கு, தம்பி முகைதீன் ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நூர் நிஷாவும் மகள் நஸீராவும் சுகம். மேலப்பாளையத்தில் மதினிக்கு முட்டுவலி குறைய துஆ செய்கிறோம்.

போன மாதம் மாஹிமிலிருந்து நஸீராவைப் பெண் பார்க்க வந்தார்கள். உருதுக்காரக் குடும்பம், பையன் ரயில்வேயில் கிளார்க்கு, நஸீராவுக்கும் பிடித்துப்போயிற்று. தோல் கிடங்குக்காரன் வீட்டுக்கு இப்படியொரு சம்பந்தம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பையனின் தாயார் ஷரீஃபுன்னிசா சர்பத்தை வாங்கியதும், நானும் உருதுவில் நாலு வார்த்தை பேசவேண்டாமா என்று, "மேரி பேட்டி கா கல்ப் பஹுத் சாஃப் ஹை" என்றேன். என் மகளின் மனசு ரொம்பச் சுத்தம் என்று அர்த்தம். அந்தம்மா சட்டென்று எழுந்து, பாதி சர்பத்தை வைத்துவிட்டு, குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். உருதுப் பள்ளியில் படித்த நஸீரா சுருண்டு படுத்து அழுகிறாள். "வாப்பா, மனசுக்கு அடித்தொண்டையிலேருந்து வாற க. நீங்க நம்ம க போட்டு, எம் மகளோட நாய் சுத்தம்னு சொல்லிப்புட்டியளே." தொழுகிற வீட்டில் நாய் வளர்க்கிறோம் என்றால் யார் பெண் எடுப்பார்கள், சொல்லுங்கள்.

மறுநாளே அவளை டார்ச் பிடிக்கச் சொல்லி, கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்தேன். காக்கா, ஐம்பத்திரண்டு வருஷமாக இந்த வாயில் சோறு போடுகிறேன், உள்ளே இத்தனை சங்கதி இருப்பது தெரியாது. நம்ம க சொன்னால் நாக்கின் பின்பக்கம் எழும்பி மேல் அண்ணத்தை அடைக்கிறது. அவர்கள் க அதற்கும் அங்கிட்டு, உள்நாக்கு தொங்குகிற இடத்தில். ஒரு நெல் அளவு பின்னால் போனால் நாய் மனசாகிவிடுகிறது, படைத்தவனின் குத்ரத்தை என்னவென்று சொல்வேன். முழுக்க அடைக்காம காத்தை உரசவிட்டா இன்னொரு எழுத்து, அதுலயே குரலைச் சேர்த்தா வேறொண்ணு. நம்ம ங-வும் அந்தப் பக்கந்தான் பொறக்குது, காத்து மட்டும் மூக்கு வழியாப் போவுது. மூக்கைப் பொத்திக்கிட்டுச் சொல்லிப் பாருங்க, வராது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு காக்கா, பாதி ஆச்சரியம், பாதி குமட்டல்.

பதினஞ்சு நாளு பழகினேன். கிடங்குல நான் பழகுத சத்தத்தைக் கேட்டு, மொதலாளிக்கு மீன் முள்ளு மாட்டிக்கிட்டுன்னு வேலைக்கார பூதத்தான் சோத்து உருண்டையோட ஓடியாந்தான், அதையும் முழுங்கித் தொலைச்சேன். பஸ்ஸுல ஆளுக எந்திரிச்சு எனக்கு இடம் குடுத்தாங்க. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிச்சு மாஹிமுக்குப் போயி, ஷரீஃபுன்னிசா முன்னால நின்னு, உள்நாக்கு அதிர அந்த வார்த்தையைச் சொன்னேன். ஒரு தடவைக்கு மூணு தடவை சொன்னேன். அந்தம்மா கண்ணு கலங்கி, அடுத்த மாசமே நிக்காஹ்னுட்டாங்க. ஓர் எழுத்துக்கு இம்புட்டு மகிமை.

நீங்களும் மதினியும் நாலு நாள் முந்தியே வந்து, முன்னால் நின்று நடத்தித் தரவேண்டும். உங்கள் ஆயுளை அல்லாஹ் நீட்டித் தருவானாக. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் எங்கள் ஸலாம்.

தங்கள் தம்பி,
முகைதீன்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் ஷரீஃபுன்னிசா நஸீராவுக்கு ஜாக்கெட் அளவு எடுக்க வந்துவிட்டார். அன்று பாதியில் எழுந்து போனது குழாயில் தண்ணீர் வரும் நேரமாகிவிட்டதாலாம். நாய் எதுவும் அவர் காதில் விழவே இல்லை. "உங்கள் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் பெரிய வியாதி போலிருக்கிறது, பாவம், பேச்சே வரவில்லை. அவர் இருக்கும்போதே நிக்காஹை முடித்துவிடுவோம் என்றுதான் அவசரப்பட்டேன்" என்று நூர் நிஷாவின் கையைப் பிடித்து அழுதிருக்கிறார். இவள் மறுத்துப் பேசினாளா என்றால் இல்லை. "நிக்காஹ் முடியுத மட்டும் வாயைத் தொறந்து நல்லாப் பேசிராதிய" என்கிறாள். ஆகவே, நீங்கள் வந்திறங்கியதும், ரொம்ப இளைத்துவிட்டாயே தம்பி என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்கவும்.