கதவில்லாத இடம் தேடிய டெர்மின் அண்ணை

ஜெர்மனியில் இருக்கிற தமிழர்களுக்குள் மிக ஒழுங்கான மனிதர் யாரென்று கேட்டால் டெர்மின் அண்ணை என்பேன். மிகக் குழப்பமான மனிதர் யாரென்று கேட்டாலும் அவரைத்தான் சொல்வேன்.

எதற்கும் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்வதை இந்த நாட்டில் டெர்மின் என்பார்கள். பல்லைப் பிடுங்க டெர்மின், தலைமயிர் வெட்ட டெர்மின். இந்தப் பழக்கத்தின் மேல் அண்ணைக்கு வந்தது ஒருவகைக் காதல். எங்கள் வீட்டு மணியை அடிப்பார். கதவைத் திறந்தால், "உங்களிட்டை வர எப்ப வசதி?" என்று கேட்பார். நேரத்தைச் சொன்னதும் திரும்பிப் போய்விடுவார். தகப்பனை இழந்த நண்பர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துத் துக்கம் விசாரிக்க டெர்மின் கேட்ட மனிதர் அவர். அந்த நண்பரும் அழுகையை நிறுத்தி, வெள்ளி பின்னேரம் சரிவருமா என்று நாட்காட்டியைப் பார்த்தாராம்.

கொலோனில் ஒரு பார்சல் கிடங்கில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். ஒருநாள் இடைவேளையில் பளபளவென்ற புத்தகம் ஒன்றை நான் சாப்பிட எடுத்த பாணுக்கு மேலேயே வைத்தார். அட்டையில் வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல். இதை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னார். இத்தாலிக் கரையோரமாக மத்தியதரைக் கடலில் பயணம். மாலுமி, சமையல்காரர், வெள்ளைக் கையுறை போட்டுச் சாப்பாடு பரிமாறும் ஆள், எல்லாம் அதிலேயே அடக்கம்.

நான் அவருடைய காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தேன். பார்சல் ஒட்டுகிற நாடாவால் ஒட்டியிருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தேன். ரைன் நதியைப் பத்து நிமிடத்தில் கடக்கும் படகில்கூட வாந்தியெடுத்து வெளிறிப்போகிற முகம் அது.

"அண்ணை, உங்களுக்குத் தண்ணியைக் கண்டாலே சத்தி வருமே?"

"ஓம், வரும். அது வேறை அலுவல்."

வேறு அலுவல் என்னவென்று அன்றைக்கே சொல்லியும் விட்டார். அவருடைய மனைவி மலர் அக்காவும், அக்காவின் தங்கை வசந்தியும் மூன்று வருடமாக ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. ஒரே டிராம் பாதையில் மூன்று தரிப்பு தள்ளித்தான் இரண்டு வீடும். சண்டை வந்தது அண்ணையின் மகளின் கலியாணத்தில். ஆலாத்தி எடுக்க ஆட்களைக் கூப்பிடுகிற நேரம், அதற்கென்றே புதுச் சேலை உடுத்திக் காத்திருந்த வசந்தியைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். மறந்தது வீடியோக்காரன் அவசரப்படுத்தியதால் என்பது அக்காவின் கட்சி. வேண்டுமென்றே என்பது தங்கையின் கட்சி. வசந்தி சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார். எங்கள் ஆட்களிடையே கலியாண வீட்டில் கைநனைக்காமல் போவதென்றால் அது சாதாரண கோபம் இல்லை.

அண்ணை சமாதானத்துக்குப் பலமுறை டெர்மின் வைத்துப் பார்த்தாராம். கோயிலில் வைத்தால் ஒருத்தி வடக்கு வாசலாலும் மற்றவள் தெற்கு வாசலாலும் போனார்கள். பிறந்தநாள் மண்டபத்தில் ஒருத்தி அவசர வழியைத் திறக்க, அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தது.

"எல்லா இடத்திலையும் கதவு இருக்குத் தம்பி. அதுதான் பிழை. கப்பலிலை கதவைத் திறந்தால் கடல். எங்கை போகினம்?" என்றார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இவ ராவிலை போனைக் கையிலை வைச்சு தங்கச்சியின்ரை படத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. என்னாலை பாக்க ஏலாமல் கிடக்கு" என்றார்.

அதற்குப் பிறகு நான் காசைப் பற்றிக் கேட்கவில்லை. சமைக்கப் புதுக் குசினி போடச் சேர்த்த காசாம். அவராகச் சொன்னார்.

கப்பல் முகவர் அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிராவ் கெல்லர், அதாவது திருமதி கெல்லர் என்ற அம்மா வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு மாலையும் எந்த அழகான துறைமுகத்தில் இறங்கலாம், எங்கே மீன் நன்றாக இருக்கும் என்று விளக்கினார். அண்ணை பொறுமையாகக் கேட்டார். பிறகு, எங்குமே இறங்க முடியாத பாதை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. எல்லோரும் இறங்கத்தானே வருகிறார்கள் என்றார். அண்ணை ஒரு குடாவைக் காட்டி, இங்கிருந்து கரை எவ்வளவு தூரம், நீந்தத் தெரிந்த ஒருவர் கரை சேர்ந்துவிடுவாரா என்று விசாரித்தார். வசந்தி நீச்சல் வகுப்புக்குப் போனவர் என்ற கவலை அவருக்கு. பிராவ் கெல்லர் பேனையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அடுத்தது அறைகள். அண்ணை சட்டைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, கப்பலின் படத்தில் இரண்டு பெரிய அறைகளையும் அளந்தார். ஒன்றில் ஓர் அலுமாரி கூடுதலாக இருந்தது. அதைக் கழற்ற முடியுமா என்று கேட்டார். இல்லாவிட்டால் அங்கே புதுச் சண்டை தொடங்கும் என்பது எனக்குத் தெரியும். பிராவ் கெல்லருக்கு எப்படித் தெரியும்? முன் அறையில் மனைவி, பின் அறையில் "மற்றவ". ஒருத்தி முன்பக்கத்தாலும் மற்றவள் பின்பக்கத்தாலும் ஏற வேண்டும். கப்பல் கரையை விட்டுப் போகும்வரை ஒருவரை ஒருவர் காணக்கூடாது.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மற்றப் பெண்மணி யார் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை, "மனைவியின் தங்கை, இருவரும் கோபம்" என்று சொல்லியிருந்தால் அலுவல் முடிந்தது. ஆனால் வீட்டுச் சண்டையை வெளியாளிடம் சொல்லுவாரா எங்கள் மனிதர்? முகத்தை இறுக்கிக்கொண்டு, அது இரகசியம் என்றார்.

"புரிகிறது" என்றார் பிராவ் கெல்லர். என்னையும் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் நானும் கூட்டுக் களவாணி.

நாலாம் நாள் அண்ணை வேலையில் நிற்கும்போது பிராவ் கெல்லர் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்திருக்கிறார். பதில் சொன்னது மலர் அக்கா. அக்காவின் ஜெர்மன் கேட்பவருக்கு உள்ளூர்க் குரல் மாதிரி இருக்கும். அண்ணை எழுதிக் கொடுத்த எண்ணை வேலையிட எண் என்றும் அக்காவைக் கிடங்கு அலுவலகத்துப் பெண் என்றும் பிராவ் கெல்லர் நினைத்தாரோ என்னவோ, கப்பலில் இரண்டாவது பெண்மணிக்கான ஏற்பாடுகள் எல்லாம் முடிந்தன, மனைவிக்குக் கடைசிவரை தெரியவராது, கவலைப்பட வேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

அக்கா அடுப்பை நிறுத்தினார். காலணி மாற்றவும் இல்லை, வீட்டுச் செருப்போடு டிராமில் ஏறினார். அப்படியொரு செய்தியைக் கேட்ட பெண், கூடப் பிறந்தவளிடம் போகாமல் வேறு யாரிடம் போவாள்? மூன்றாவது தரிப்பில் இறங்கி, வசந்தி கதவைத் திறந்ததும், "என்ரை மனுசன் என்னை விட்டிட்டுது வசந்தி" என்று விழுந்து அழுதாராம். "உள்ளுக்கு வா அக்கா. முதல் சாப்பிடு. பிறகு அந்தாளைப் பாப்பம்" என்றாராம் தங்கை.

வேலை முடிந்து அண்ணையோடு அவர் வீட்டுக்கு நானும் போனேன். வசந்தி வீட்டிலிருந்து வந்த இரண்டு பேரும் சமையலறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அண்ணை வாயைத் திறக்கமுதல் ஒருவர் ஆண் வர்க்கத்தையே ஏசத் தொடங்க, மூச்சு வாங்குகிற இடைவெளியில் மற்றவர் அண்ணையின் பரம்பரையையே இழுத்தார். "இந்த வயசிலை கப்பல் கேக்குதோ உங்களுக்கு?" என்றார் வசந்தி. "தங்கச்சி, இந்த மனுசனுக்கு ராவிலை மூட்டு நோவு வேறை" என்றார் அக்கா.

நான் அண்ணையின் காதில், உண்மையைச் சொல்லுங்கோவன் என்றேன்.

"பொறு தம்பி," என்றார் மெதுவாக. "ரெண்டு பேரும் ஒண்டாத்தானே ஏசினம்."

அன்று பின்னேரம் முழுவதும் அந்தப் பாவப்பட்ட மனிதர் செய்யாத குற்றத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் மெதுவாகச் சொன்னார், அந்த இரண்டாவது பெண்மணி வசந்திதான், கப்பல் இருவரையும் சேர்த்துவைக்கத்தான் என்று. அக்கா கையிலிருந்த துவாயால் அண்ணையின் முதுகில் ஒன்று போட்டார். வசந்தி கதிரையில் இருந்துகொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். கப்பல் கைவிடப்பட்டது. பிராவ் கெல்லர் ஏதும் விளங்காமல் அனுதாபம் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பினார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறேன். சமையலறையில் இரண்டு குரலும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு அவரைத்தான் குறை சொல்லும். அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் போவது.