சகதி சேருக்கு நாங்கள் செய்த சிரமதானம்

பதுளையில் எத்தனையோ அரசாங்க உத்தியோகத்தர்களைப் பார்த்திருக்கிறேன். சேற்றை அள்ளி மோந்து பார்த்து, கல்யாண வீட்டுப் பிரியாணி வாசம் பிடித்தவர் மாதிரி கண்ணை மூடிச் சொக்கி நின்ற ஒரே ஆள் எங்கள் சகதி சேர்தான்.

மண்ணையும் தண்ணீரையும் ஆராய்வது அவர் உத்தியோகம். நான் படிப்பிக்கும் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்குவார். தேயிலை மலைக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் நடுவிலிருந்த சதுப்புக்குள் முழங்கால் வரை இறங்கி, இரும்புக் குழாயைச் சொருகி மண்ணை உருவுவார்.

"சேர், கால்ல அட்டை!" என்று கத்தினால், "விடுங்க டீச்சர், அதாவது கேட்காம வந்து நம்மள கவனிக்குதே" என்பார்.

மலைக்குப் போடும் உரமும் புல்லுக்கு அடிக்கும் மருந்தும் மழையோடு வழிந்து வரும். அவற்றைப் பிடித்து வைப்பது அந்தச் சேறும் கோரைப் புல்லும்தான். அதற்குப் பிறகே தண்ணீர் நாங்கள் குடிக்கப் பிடிக்கும் பீலிக் குழாய்க்கு வருகிறது என்று வாய் ஓயாமல் சொல்வார். தோட்ட ஆபீஸோ சதுப்பை மூடி வொலிபோல் கிரவுண்ட் போடத் துடித்தது. சேர் மல்லுக்கட்டி, சதுப்பைப் பார்க்கக் கொழும்புப் பெரிய அதிகாரிகளை வரச் சம்மதிக்க வைத்தார்.

"ஒரு தரம் கண்ணால பாத்தாங்கன்னா போதும் டீச்சர். அப்புறம் யாரும் கை வைக்க முடியாது."

பெரியவர்கள் வந்தால் கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்து வழக்கம். "நம்ம சேரோட எடம் இப்பிடிக் கெடந்தா அவரு மானம் என்னாகுறது?" என்று தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் கிளம்பிவிட்டார். சேர் மேல் அவ்வளவு பாசம்! நான் பதுளையில் டீச்சர்மார் பயிற்சிக்குப் போயிருந்த நேரம், லயமே சிரமதானம் என்று சம்பளமில்லாமல் மண்வெட்டியோடு இறங்கியது. கோரையை வேரோடு பிடுங்கி, சேற்றை வழித்து எறிந்து, கான் வெட்டித் தண்ணீரை வடித்து, சுற்றிலும் வெள்ளைக் கல் பதித்துவிட்டார்கள்.

நான் திரும்பிய அன்றே சேரோடு கொழும்பு ஜீப்பும் வந்தது. வாழைமரம், தோரணம், மாலை, வடை.

"எப்பிடிங்க சேர், பளிச்சுன்னு இருக்கா?" என்று தலைவர் பல்லெல்லாம் தெரியக் கேட்டார். சேர் வெள்ளைக் கல்லைத் தாண்டிக் குனிந்து, காய்ந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"அடடே, எவ்வளவு நீட்!" என்று பெரியவர்கள் படம் பிடித்தார்கள். "இங்க பாதுகாக்க ஒண்ணுமில்லையே. கிரவுண்டுக்குத் தோதான எடம்." வடையைத் தின்றுவிட்டு ஏறிப் போனார்கள். சேர் என்னவோ சொல்லிக்கொண்டே ஜீப்பின் பின்னால் ஓடினார். யார் கேட்டது?

கிரவுண்ட் வந்தது. அடுத்த மழைக்கே பீலியில் மஞ்சள் தண்ணீர் கொட்டியது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆபீஸ்காரர்கள் 'கொதிக்க வைத்துக் குடிக்கவும்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்பு! விறகை யார் கொடுப்பது? கொதிக்க வைத்தால் உரம் போய்விடுமா? அந்த நோட்டீஸைக் கிழித்து அவர்கள் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேர் வந்தார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. கிரவுண்டுக்கும் பீலிக்கும் நடுவில் மிஞ்சிய துண்டு நிலத்தில் இறங்கி, சாக்கில் கொண்டுவந்த கோரையை நட ஆரம்பித்தார்.

"ஒங்க ஆராய்ச்சிதான் முடிஞ்சு போச்சே சேர்?" என்றேன்.

"அது முடிஞ்சிருச்சு டீச்சர். நீங்க தண்ணி குடிக்கிறது முடியலையே."

தலைவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பக்கத்தில் இறங்கினார்.

இன்னமும் கோரை பிடிக்கவில்லை, பீலியும் தெளியவில்லை. சேர் வந்துகொண்டுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என் அடுப்பில் முதலில் ஏறுவது அவர் கால் கழுவ வெந்நீர்.